இலை ஓரத்து இனிப்பு

சாவு வீட்டில் பெண்டாட்டி சிரித்துக்கொண்டிருந்தாள் என்று புகார் கொடுக்க ஒருவர் வந்தால் அவரை எந்த வரிசையில் உட்கார வைப்பது? கண் தெரியாதவர்களுக்குப் பார்வை தரும் கண்ணாடி செய்கிற துணைவிழி நிறுவனத்தின் கோயம்புத்தூர்ப் புகார்ப் பிரிவில் அதற்கென்று வரிசை கிடையாது. கண்ணாடி இறுக்குகிறது, காதுக்குப் பின்னால் சுடுகிறது, மழையில் மங்குகிறது, இப்படிப்பட்ட குறைகளுக்குத்தான் தனித்தனி வரிசை போட்டிருந்தார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த பெண் கொஞ்ச நேரம் விழித்துவிட்டு, அவரை நேராகத் தாரணியின் மேசைக்கு அனுப்பிவிட்டாள்.

தாரணி புகார்ப் பிரிவுக்காரி இல்லை. துணைவிழிக்குள் ஓடும் நிரலை எழுதுகிறவர்களில் மூத்தவள். ஆனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. நிரல் எழுதுகிறவர்கள் முறை வைத்துக்கொண்டு மாதத்தில் ஒரு நாள் கீழே இறங்கி வந்து புகார் கேட்க வேண்டும். சமைத்தவன் ஒரு நாளாவது சாப்பிடுகிறவன் முகத்தைப் பார்க்கட்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் ஆரம்பித்து வைத்தது. தாரணிக்கு அந்த நாள் வந்தாலே முந்தைய நாளிலிருந்தே தலைவலி வந்துவிடும்.

வந்தவர் பெயர் பூபதி. பீளமேட்டில் பேக்கரி வைத்திருப்பவர். சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போய், வருடக்கணக்கில் இருட்டிலேயே மாவு பிசைந்து காலம் தள்ளியவர். இரண்டு வருடம் முன்புதான் துணைவிழி பொருத்திக்கொண்டு மறுபடி உலகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"மேடம், நான் சொல்றதக் கேட்டுட்டு சிரிக்கப்படாது."

"சொல்லுங்க."

"பொள்ளாச்சில எங்க மச்சான் தவறிட்டாருங்க. எங்கூட்டுக்காரி கோகிலாவோட அண்ணன். ரெண்டு பேருக்கும் ஒட்டுதல்னா அப்புடி ஒரு ஒட்டுதல். சேதி வந்ததும் பன்னு வெந்துட்டிருந்த அடுப்ப அப்புடியே அணைச்சுப்போட்டு ஓடுனோமுங்க. அங்க போயிப் பாத்தா ஊரே அழுகுது. பங்காளிக அழுகறாங்க, பக்கத்துத் தோட்டத்துக்காரரு அழுகறாரு. இவ மட்டும் ஐஸ் பொட்டிக்குப் பக்கத்துல உக்காந்து சிரிச்சிட்டிருக்கறா."

"சத்தமாவா?"

"சத்தமெல்லாம் இல்லீங். போட்டோவுக்குச் சிரிப்பமே, அந்த மாதிரி. அழுகற சத்தம் அவகிட்ட இருந்துதான் வருது. மூஞ்சி மட்டும் சிரிக்குது. பக்கத்துல போயி, ஏம்புள்ள சிரிக்கறேன்னு மெதுவாத்தான் கேட்டேன். அது நாலு பேரு காதுல விழுந்துருச்சு." பூபதி கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். "அன்னில இருந்து அவ என்கிட்ட சரியாப் பேசறதில்லீங்க."

"வேற ஏதாச்சும் குறை இருக்குங்களா?"

"ஒரு குறையும் இல்லீங். கலரெல்லாம் அருமையாத் தெரியுது. தேங்கா பன்னு செவந்துருச்சா இல்லியான்னு எட்ட நின்னே சொல்லீருவேன்." கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "அதத்தான் கேக்க வந்தேன். மெசின்ல கோளாறு ஒண்ணும் இல்லீங்களே? இல்லேன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லீட்டீங்கன்னா நான் பாட்டுக்குப் போயிருவேன்."

மெசின் சரியில்லை என்று சண்டைக்கு வருகிறவர்களைத்தான் தாரணி பார்த்திருக்கிறாள். சரியாக இருக்கிறது என்று சொல்லும்படி கெஞ்சியவர் இவர் ஒருவர்தான். விசித்திரமாக இருந்தது. ஆனால் அதை யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. போட்டோவுக்குச் சிரிக்கிற சிரிப்பு என்று அவர் சொன்னபோதே அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். அதை அங்கே வைத்ததே அவள்தான்.

"பாத்துட்டுச் சொல்றேங்க," என்று மட்டும் சொல்லி அவரை அனுப்பினாள்.

துணைவிழி என்றதும் கேமரா படம் பிடிக்கிறது, மூளை பார்க்கிறது, அவ்வளவுதானே என்று நினைக்கிறவர்கள் உண்டு. அப்படி எளிதாக இருந்தால் தாரணிக்கு ஏன் சம்பளம் கொடுக்கிறார்கள்? கண் நரம்புக்குள் போகிற வழி ஒற்றையடிப் பாதை. முழுப் படத்தையும் அதில் தள்ளினால் அடைத்துக்கொள்ளும். அதனால் முந்தைய தலைமுறையில் இணையதளம் கட்டியவர்கள் கையாண்ட ஒரு பழைய முறையைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டார்கள். மாடல், கன்ட்ரோலர், வியூ என்று வேலையை மூன்றாகப் பிரிப்பது. கேமரா கண்டதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொள்வது மாடல். எதிரில் நிற்கிறவரின் உயரம், சட்டை நிறம், கண்ணில் நிற்கும் நீர் வரைக்கும் அதற்குத் தெரியும். மூளைக்குள் படம் வரைகிறது வியூ. அதற்கு வெளி உலகம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. கையில் கொடுத்ததை வரையும். எதைக் கொடுப்பது, எதை நிறுத்துவது என்று நடுவில் நின்று தீர்மானிப்பது கன்ட்ரோலர்.

அலுவலகத்தில் யாரும் இந்தப் பெயர்களைச் சொல்வதில்லை. மாடலைச் சமையல்கட்டு என்பார்கள், கன்ட்ரோலரைப் பந்தி என்பார்கள், வியூவை இலை என்பார்கள். சமையல்கட்டில் எத்தனை பதார்த்தம் வெந்திருந்தாலும் பந்தியில் பரிமாறியதுதானே இலைக்கு வரும்.

ஆரம்பச் சோதனைகளின்போது ஒரு சங்கடம் வந்தது. முகபாவம் பற்றிய தகவல் ஒரு நொடி தாமதித்தாலும் இலையில் முகம் மட்டும் வெறுமையாக நின்றது. துணிக்கடைப் பொம்மை மாதிரி ஒரு முகம். அப்படித் தன் மகளைப் பார்த்த ஒரு தாய், கருவியைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடியே போனாள். இலை காலியாக இருக்கக் கூடாது என்று தாரணி ஒரு வழி செய்தாள். வீட்டு மனிதர்களின் முகத்தைத் தொடக்கத்திலேயே படம் எடுத்துப் பதிந்து வைக்கிறார்கள் அல்லவா? தகவல் வராத நொடியில் அந்தப் படத்தையே, சிரித்த முகமாக, வரைந்துகொள்ளச் சொன்னாள். பந்தியில் சோறு வரும் முன்பே இலை ஓரத்தில் கொஞ்சம் இனிப்பு வைப்பார்களே, அதுபோல. அந்த வரிக்கு 'இனிப்பு' என்றே பெயரும் விழுந்தது.

அதுவரைக்கும் சரி. போன தை மாதம் காதுக்குப் பின்னால் சுடுகிறது என்று புகார் குவிந்தது. பாதையில் போகிற சுமையைக் குறைக்க வேண்டும். வீட்டு மனிதர்களின் முகபாவம் எதற்கு, குரலைக் கேட்டாலே தெரியாதா என்று பந்தியிலிருந்து ஒரு பதார்த்தத்தை நிறுத்தினார்கள். நிறுத்தியவளும் தாரணிதான். சூடு இறங்கியது, எல்லோரும் கை தட்டினார்கள். ஆனால் பதார்த்தம் வராவிட்டால் இலை சும்மா இருக்குமா? ஒரு நொடிக்கென்று வைத்த இனிப்பையே நாள் முழுக்கக் காட்டிக்கொண்டிருந்தது. முகம் மட்டுமா, உடம்பும் அந்தப் பழைய படத்திலிருந்தே வந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதை இதுதான்.

மாடிக்குப் போய்ப் பிரிவுத் தலைவர் அனீஸிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

அனீஸ் டீயைக் கீழே வைத்தார். "எத்தனை பேருக்கு இப்படித் தெரியுது?"

"வீட்டு ஆளுங்க முகத்தைப் பதிஞ்சு வச்சிருக்கற எல்லாருக்கும் சார். அப்படின்னா எல்லாருக்கும்."

"தைக்கு அப்புறம் புகார் பாதியாக் குறைஞ்சுது. சூடு குறைஞ்சதாலன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"வீட்ல எல்லாரும் எந்நேரமும் சிரிச்ச முகமா இருந்தா யார் சார் புகார் குடுப்பாங்க?"

அனீஸ் சிரிக்கப் பார்த்து, சிரிப்பு வராமல் நிறுத்திக்கொண்டார். "நாளைக்கே திருத்தி விட்டோம்னு வை. ஒரே காலையில அத்தனை பேரும் பெண்டாட்டியோட நிஜ மூஞ்சியப் பாப்பான். புருசனோட நிஜ மூஞ்சியப் பாப்பாள். அதுக்கு அப்புறம் வர்ற புகாரை எங்க கொண்டு போய் வைக்கறது? சூடு வேற திரும்ப ஏறும்."

"புடவை டிசைன், பின்னால இருக்கற அலமாரி, இதையெல்லாம் குறைச்சுக்கலாம் சார். முகத்துக்கு வழி விட்டுடலாம்."

"முதல்ல அந்த பேக்கரிக்காரர் வீட்டம்மாவை நேர்ல பாத்துட்டு வா. நாம நெனைக்கறதுதான் நடக்குதான்னு தெரியட்டும்."

மாலையில் டீ குடிக்க வரும் கூட்டம் சேருமுன் தாரணி பேக்கரிக்குப் போனாள். சுடச்சுட வெண்ணெய் வாசனை தெருமுனை வரைக்கும் வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் பூபதி பப்ஸ் அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கோகிலா.

தாரணி சட்டென்று நின்றுவிட்டாள். கோகிலாவின் ரவிக்கை தோளில் நிற்காமல் ஊக்கு குத்தியிருந்தது. கன்னம் ஒட்டி, கண் குழிக்குள் போயிருந்தது. ஒரு கை பெட்டியின் விளிம்பைப் பற்றியிருக்க, இன்னொரு கை வயிற்றை அழுத்திப் பிடித்திருந்தது. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு வலியை விழுங்கிக்கொண்டிருந்த முகம் அது. யார் பார்த்தாலும் தெரியும். குழந்தை பார்த்தாலும் தெரியும்.

"வாங்க மேடம்," என்றார் பூபதி. பெண்டாட்டியின் முகத்தை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "நீங்களே பாருங்க. எப்பவும் இதே சிரிச்ச மூஞ்சிதான்," என்றார்.

கோகிலா தாரணியைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாதே என்று அந்தப் பார்வை கேட்டது.

அடுப்பில் தட்டு மாற்ற பூபதி உள்ளே போனதும் கோகிலா அவளை மைதா மூட்டை அடுக்கியிருந்த பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனாள். ஒரு மூட்டையின் மேல் மெல்ல உட்கார்ந்தாள்.

"நீங்க அந்தக் கம்பெனிக்காரங்களா அம்மிணி?"

"ஆமாங்க. உங்க முகம் அவருக்கு எப்படித் தெரியுதுன்னு உங்களுக்கு..."

"தெரியும். சித்திரைலயே தெரியும். தட்டு கைல பட்டுப் பொசுங்கிருச்சு. கண்ணுல தண்ணி தாரையாக் கொட்டுது. இவரு எதிர்க்க நின்னுட்டு, என்ன புள்ள தனியாச் சிரிச்சிட்டு நிக்கறேங்கறாரு. மொதல்ல கோவம் வந்துச்சு. அப்பறம் புரிஞ்சிருச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமேங்க."

"சொல்லத்தான் இருந்தேன். அதுக்குள்ள இது." வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "குடல்ல கட்டிங்கறாங்க. அறுத்து எடுத்துரலாமாம், ஆனா நாளக் கடத்தப்படாதாம். அறுத்தாலும் பொழைக்கறது பாதிக்குப் பாதின்னு டாக்டரு ஒளிக்காமச் சொல்லீட்டாரு. தேதி குடுத்தாங்க. நான் போவுல."

"ஏங்க?"

"போனா கூட ஆளு வேணும்ல? இவருகிட்டச் சொல்லணும்ல? அத்தன வருசம் இருட்டுல கெடந்த மனுசன் அம்மிணி. கண்ணு வந்தன்னிக்கு என்னயத்தான் மொதல்ல பாத்தாரு. நீ அப்புடியேதான் புள்ள இருக்கறேன்னு சொல்லீட்டு அழுதாரு. அவருக்கு இந்த மூஞ்சியவா காட்டறது?" கோகிலா மூச்சு வாங்கிக்கொண்டாள். "கண்ணு தெரியாத காலத்துல அவருகிட்ட ஒண்ணும் மறைக்க முடியாது. என் மூச்சக் கேட்டே சளி புடிச்சிருக்குதும்பாரு. நடையக் கேட்டே என்ன கோவம்பாரு. கண்ணு வந்ததுக்கு அப்பறந்தான் மறைக்கவே முடியுது."

"கையைத் தொட்டா தெரியாதுங்களா?"

"எளச்சிட்டியான்னு ஒருக்கா கேட்டாரு. கேட்டுட்டு நிமுந்து மூஞ்சியப் பாத்தாரு. அதோட விட்டுட்டாரு. கண்ணு ஒண்ணு சொல்றப்ப கை சொல்றத யாரு கேக்கறா? கடைக்கு வர்றவங்க கேட்டா சக்கரைய நிறுத்திட்டேன், எளச்சிட்டேன்னு சொல்லிக்கறேன்." அவள் தாரணியின் கையைப் பிடித்தாள். அந்தக் கையில் எலும்பைத் தவிர ஒன்றும் இல்லை. "இன்னுங் கொஞ்ச நாளு அப்புடியே விட்டுருங்க. உங்க மெசினு எனக்குப் பதிலாச் சிரிச்சிட்டிருக்குது. அது பாட்டுக்குச் சிரிக்கட்டும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மறைக்க முடியும், அதற்கு நான் உதவி செய்திருக்கிறேன் என்று தாரணி நினைத்துக்கொண்டாள்.

"உங்க உடம்பைப் பத்தி நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்க. மெசினைப் பத்தி அவர்கிட்டச் சொல்லாம இருக்க முடியுமான்னு தெரியலைங்க. அவர்தான் கேட்டு வந்தார்."

கோகிலா கையை எடுத்துக்கொண்டாள். வெளியே பூபதி காகிதத் தட்டில் இரண்டு பப்ஸோடு நின்றிருந்தார். "சாப்புடுங்க மேடம். பாத்துட்டீங்கல்ல? கோளாறு ஒண்ணும் இல்லீங்கல்ல?"

"சொல்றேங்க," என்றாள் தாரணி. பப்ஸை ஒரு வாய் கடித்துவிட்டுத் தட்டைப் பெட்டிமேல் வைத்தாள்.

திருத்தம் என்னவோ சின்னதுதான். பந்தியில் ஒரு வரி சேர்க்க வேண்டும், இலையில் ஒரு வரி எடுக்க வேண்டும். அன்றைக்கே எழுதி, சோதித்தும் பார்த்துவிட்டாள். ஆனால் அதை வெளியே விடக் கை வரவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் வந்து அந்த வரிகளைத் திறந்து பார்ப்பாள், மூடி வைப்பாள். நாளைக் கடத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னது வேறு காதிலேயே நின்றது. கோகிலா கடத்துகிற நாளோடு தன் நாளும் சேர்ந்து ஓடுகிறது என்பது அவளை அரித்தது.

அனீஸ்தான் பேச்சை எடுத்தார். கோகிலாவின் நோயை அவள் அவரிடம்கூடச் சொல்லவில்லை. அந்தம்மா தன் முகத்தைக் காட்ட விரும்பவில்லை என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

"அப்ப விட்டுடு தாரணி. முகம் அவங்களுது. அதைக் காட்டறதும் மறைக்கறதும் அவங்க இஷ்டம்."

"கண் அவருது சார்."

"சரி, ரெண்டும் நியாயம்தான். நடுவுல நீ யாரு?"

"அதைத்தான் நானும் கேட்டுட்டிருக்கேன்." தாரணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். "ஒருத்தர் எதைப் பார்த்தா தாங்குவார், எதைத் தாங்க மாட்டார்னு இத்தனை மாசமா நான் முடிவு பண்ணிட்டிருக்கேன். எனக்கே தெரியாம. அந்தம்மா மறைக்கணும்னா முந்தானையால மூடிக்கட்டும், அந்தப் பக்கம் திரும்பிக்கட்டும். அது அவங்களுக்குள்ள. அவங்க அழும்போது சிரிப்பை வரைஞ்சு குடுக்க நமக்கு யார் உரிமை குடுத்தா? சமையல்கட்டுல எல்லாம் வெந்து கெடக்கு சார். நாமதான் பந்தியில நின்னுட்டு இல்லைங்கறோம்."

அனீஸ் நாள்காட்டியை எடுத்துப் புரட்டினார். "மெசினைப் பத்தி மட்டும் அவர்கிட்டச் சொல்லு. அவருக்கு முதல்ல. மத்தவங்களுக்கு எல்லாம் முன்கூட்டியே தகவல் குடுத்துட்டுத்தான் விடணும், சாவு வீட்டுல திடீர்னு மாறக் கூடாது. அதை நான் பாத்துக்கறேன்."

தாரணி கூப்பிட்டதும் பூபதி மறுநாள் வந்தார். இந்த முறை தாரணி அவரைப் புகார் மேசையில் உட்கார வைக்காமல் தன் அறைக்கே அழைத்துப் போனாள்.

"மெசின்ல கோளாறு இருக்குங்க. தப்பு என்னுது."

கல்யாணப் பந்தியை வைத்தே அவருக்குச் சொன்னாள். உங்க கண்ணாடி எல்லாத்தையும் பார்க்குதுங்க. சமையல்கட்டுல எல்லாம் இருக்குது. வீட்டு ஆளுங்க முகத்தை மட்டும் இலைக்குக் கொண்டு வராம நான் நிறுத்திட்டேன். இலை காலியா இருக்கக் கூடாதுன்னு முன்னாடியே ஒரு இனிப்பு வச்சிருந்தேன், அதைத்தான் நீங்க பாத்துட்டிருக்கீங்க. பூபதி கடைசி வரைக்கும் கேட்டார்.

"அப்ப சாவு வீட்டுல அவ அழுதுட்டுத்தான் இருந்திருக்கறா."

"ஆமாங்க."

"நான் போயி ஏன் சிரிக்கறேன்னு கேட்டிருக்கறேன்."

மன்னிச்சுக்குங்க என்றாள் தாரணி. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"அன்னிக்கு உங்ககிட்ட ஒண்ணு சொல்லாம விட்டுட்டனுங்க அம்மிணி," என்றார். மேடம் போய் அம்மிணி வந்திருந்தது. "பொட்டிக்குள்ள படுத்திருந்த மச்சானும் சிரிச்சிட்டுத்தான் இருந்தாரு."

தாரணி நிமிர்ந்து பார்த்தாள். மச்சானும் வீட்டு மனிதர்தான். அவர் முகத்தையும் பதிந்துதானே வைத்திருப்பார்கள்.

"செத்தவன் சிரிக்கறதப் பாத்த பொறகு, மெசினு கெட்டுப்போச்சுன்னு யாருக்குத்தான் தெரியாது? எனக்கு அங்கயே தெரிஞ்சிருச்சுங்க."

"பின்ன ஏங்க கோளாறு இல்லைன்னு சொல்லச் சொன்னீங்க?"

பூபதி இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தார். நகத்தோரம் மாவு காய்ந்திருந்தது. "மாவு பெசையற கையிங்க இது. பொய் சொல்லத் தெரியாது. அவ கையப் புடிச்சா எலும்புதான் தட்டுப்படுது. மூஞ்சியப் பாத்தா கொழுகொழுன்னு சிரிக்கறா. ரெண்டுல ஒண்ணு பொய்யி. மெசினு சரியா இருக்குதுன்னு உங்க வாயால சொல்லீட்டீங்கன்னா, என்ற கைதான் பொய்யின்னு வெச்சுக்கலாம்னு வந்தனுங்க. அதுக்குத்தான் மச்சான் சங்கதியச் சொல்லுல. சொன்னா நீங்க கண்டுபுடிச்சிருவீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு கண்ணும் ஒன்றையும் பார்க்காமல் நனைந்திருந்தன.

"அவளுக்கு என்னங்க? அன்னிக்கு மூட்ட ரூமுல பேசினீங்கல்ல?"

"அதை நான் சொல்லக் கூடாதுங்க. அவங்கதான் சொல்லணும்."

பூபதி தலையாட்டினார். அந்தப் பதிலே அவருக்குப் போதுமானதாக இருந்தது. தாரணி கணினியைத் திறந்து, "இப்பவே மாத்திடலாங்களா?" என்றாள்.

"இங்க வேணாமுங்க. கடைக்கு வாங்க. நான் பாக்கப் போறேன்னு அவளுக்குத் தெரியணும். அவளுக்குத் தெரியாமப் பாக்கறது திருட்டுத்தனமில்லீங்களா?"

பட்டப்பகலில் பேக்கரியின் ஷட்டர் பாதி இறங்கியதை அந்தத் தெரு பார்த்ததில்லை. பன் வாங்க வந்த ஒருவர் குனிந்து பார்த்துவிட்டுப் போனார். கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் கோகிலா நின்றாள். இந்தப் பக்கம் பூபதி முக்காலியில் உட்கார்ந்தார். அடுப்பில் பன் வெந்துகொண்டிருந்தது.

"புள்ள, இவிங்க கண்ண சரி பண்ண வந்திருக்கறாங்க. இன்னிமே உன்ற மூஞ்சி இருக்கறபடியே தெரியுமாம்."

கோகிலா தாரணியைப் பார்த்த பார்வைக்குக் கன்னத்தில் ஓர் அறையே விட்டிருக்கலாம். தாரணி கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். உங்க உடம்பைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலைங்க என்று மட்டும் மெல்லச் சொன்னாள்.

"வேணாமுங்," என்றாள் கோகிலா, புருசனைப் பார்த்து. "இருக்கறது நல்லாத்தானே இருக்குது. எதுக்கு நோண்டறீங்க?"

"உனக்கு வேணாம்னா அந்தப் பக்கம் திரும்பிக்க புள்ள. நான் தப்பா நெனக்க மாட்டேன். பாத்தா உன்னயப் பாக்கோணும். மத்ததப் பாத்துப் பாத்து எனக்குச் சலிச்சுப் போச்சு."

அவள் திரும்பிக்கொள்ளவில்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். நெற்றி முடியை ஒதுக்கினாள். பொட்டு சரியாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். அவள் முடித்ததும் தாரணி கொண்டு வந்த கணினியில் பொத்தானை அழுத்தினாள்.

"அலமாரி மங்குதுங்க," என்றார் பூபதி.

"ஆமாங்க. அவங்க முகத்துக்கு வழி விட்டிருக்கு."

கோகிலா வயிற்றிலிருந்து கையை எடுத்தாள். முதுகை நிமிர்த்தினாள். நிமிர்த்தும்போது வலித்திருக்க வேண்டும், தாடை ஒரு கணம் இறுகியது. பிறகு அவள் சிரித்தாள். இத்தனை மாதமாக மெசின் பார்த்துக்கொண்ட வேலையை இன்றைக்கு அவளே செய்ய வேண்டியிருந்தது. உதடு நடுங்கியது, ஆனாலும் விடாமல் சிரித்தாள். பதிந்து வைத்த அந்தப் படத்தில் இருக்கிற மாதிரியே இருக்க என்னவெல்லாம் செய்ய முடியுமோ அதையெல்லாம் அந்த ஒட்டிய முகம் செய்து பார்த்தது.

பூபதி பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"சிரிக்காத புள்ள," என்றார். "போதும்."

அவள் இன்னும் கொஞ்சம் பிடித்துப் பார்த்தாள். பிறகு சிரிப்பு தானாகக் கழன்று விழுந்தது. முகம் தன் சொந்த முகமாக ஆனது. பூபதி எழுந்து கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு போனார். அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு மறுபடி அவள் முகத்தைப் பார்த்தார். இந்த முறை கையும் கண்ணும் ஒன்றையே சொல்லின.

"எந்த ஆஸ்பத்திரி?"

கோகிலா பேரைச் சொன்னாள். பூபதி உள்ளே போய், பன் பாதி வெந்திருந்த அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.